நான் தமிழில்தான் சொன்னேன்

மக்கா ஷைனி,

வேண்டுமென்றேதான் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, பாதியில் எரிச்சல்பட்டு, மறுபடி முதலில் இருந்து தொடங்குவாய். பரவாயில்லை. இந்தத் தடவை நீ அவசரப்படாமல் படிப்பதுதான் எனக்கு வேண்டும். ஹாஸ்டலில் தமிழ் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் அவளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சி.ஏ. பரீட்சைக்கு எந்தக் கோர்ஸில் சேருவது என்று விளம்பரத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிற பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள், அவர்களும் கேட்கட்டும். ஆனால் கடிதம் உனக்கு எழுதியது. ஒரே ஒரு சொல்லை உன்னிடம் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இத்தனை காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், சொந்தப் பிள்ளையிடம் கோட்டை விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணனுடைய கடைசிப் பார்சல் வந்தது. ஸ்டீபன் சென்னையில் அந்தத் தபால் கோர்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சந்தா கட்டியிருந்தான். போன வருஷ மழையில் எலிக்காய்ச்சல் வந்து அவன் போனபோது, சந்தாவில் பாதிதான் முடிந்திருந்தது. மீதிப் பாதி, மாதம் தவறாமல், அவன் பெயரில் வந்துகொண்டே இருந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லாமல் எப்படித் தெரியும்? சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. கடைசிப் பார்சலோடு ஒரு கார்டும் வந்தது, மேலும் தொடர விரும்பினால் பெயரை எழுதி அனுப்பவும் என்று. அதை உனக்கு எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் எதிரே இருக்கிற போன் பூத்தில் நான் வழக்கம்போல் காத்து நிற்க, நீ கொச்சியில் இருந்து கூப்பிட்டாய்.

"அம்மா, அந்தக் கார்டில எனக்க பேர எழுதி அனுப்புங்க. அண்ணனுக்க கோர்ஸ இனி நான் படிக்கேன். பற்றுமா?"

"பற்றாது மக்கா," என்றேன்.

அதற்கு மேல் நான் சொல்ல இருந்ததை நீ கேட்கவில்லை. பூவாறு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு பார்த்தால் போனில் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு நீ அப்பாவை மட்டும் பேசச் சொன்னதாகப் பூத்துக்காரர் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது தணியும் என்றுதான் இருந்தேன்.

அப்பா பூத்தில் இருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். அவர் சும்மாவே பேச்சு குறைந்த மனுஷன். அண்ணன் போன பிறகு, பழுது பார்க்கிற படகு எஞ்சின்களோடுதான் பேச்சு. அன்றைக்கு அவராக ஆரம்பித்தார்.

"'எனக்குப் பற்றாதுண்ணு அம்மயே சொல்லியாச்சு, பின்ன எதுக்கு? அண்ணன் செய்தது என்னால பற்றாதாக்கும்'ணு பிள்ள போனில அழுது கரையுதா. நீ என்ன சொன்ன அவகிட்ட?"

"பற்றாதுண்ணுதான் சொன்னேன்."

"நீ தமிழில சொன்ன. அவ மலையாளத்தில கேட்டுட்டா," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மக்கா, நம் வீட்டில் இந்தக் கோளாறு நாங்களே செய்து வைத்தது. அண்ணனை நான் வேலை பார்க்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். உன்னை அப்பாவின் ஆசைப்படி மலையாளத்தில் போட்டோம். ஒரு பிள்ளை அந்தப் பக்கம், ஒரு பிள்ளை இந்தப் பக்கம் என்று இந்த எல்லையோரப் பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டில் உண்டு. யாருக்கும் அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. வீட்டுக்குள் எல்லாம் ஒரே பேச்சுத்தானே என்று இருந்துவிட்டோம். ஆனால் உன் மலையாளத்தில் 'பற்றும்' என்றால் முடியும். என் தமிழில் 'பற்றும்' என்றால் போதும். வேறு ஊர்த் தமிழர்கள் 'பத்தும்' என்று மெல்லச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நாம் இங்கே றகரத்தை அழுத்தித்தான் சொல்லுவோம், அதனால் இரண்டும் காதுக்கு ஒன்றாகவே விழும். என்னால் முடியுமா என்று நீ கேட்டாய். அது உனக்குப் போதாது என்று நான் சொன்னேன். உன்னால் முடியாது என்று நீ கேட்டுக்கொண்டாய். இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவுக்கு நீ இத்தனை நாள் அழுதிருக்கிறாய்.

இந்தச் சொல்லை வைத்து அண்ணன் ஒரு நாள் கேலி செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் பார்சல் வந்த வாரம். டெபிட் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். பற்று என்றேன். "கணக்கில எழுதினாலும் பற்று, ஒருத்தர்மேல சினேகம்னாலும் பற்று, ஷைனிக்க பள்ளிக்கூடத்தில முடியும்னாலும் பற்றும். ஒத்த வார்த்தைய வச்சு நீங்க எத்தன வேலதாம்மா வாங்குவிய?" என்று சிரித்தான். நீ மரச்சீனிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறி, அப்பா உன் தலையில் தட்டினார். அன்றைக்கே நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

நான் என்ன சொல்ல வந்தேன் என்பதை இனிமேல் சொல்கிறேன். அண்ணன் சேருவதற்கு முன்னால் நாம் கோர்ஸ்களை அலசிப் பார்த்ததை நினைத்துப் பார். சாப்பாட்டு மேசை நிறைய விளம்பரப் புத்தகங்கள். அப்பா மாதிரிப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, "இதாக்கும் கனம் கூடுதல், இதில சேரு" என்று எஞ்சின் சாமான் வாங்குவது மாதிரிச் சொன்னார். நான் அச்சுப்பிழை பார்த்தேன். ரேங்க் வாங்கிய பையன்களின் போட்டோவை நீதான் பார்த்துக்கொண்டிருந்தாய். "அண்ணா, இஞ்ச பாரு, இந்த மீசக்காரன் இதிலயும் உண்டு, அதிலயும் உண்டு!" என்று இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். ஒரே பையன், ஒரே போட்டோ, இரண்டு இடமும் எங்கள் மாணவன் என்று போட்டிருந்தார்கள். "ரெண்டு கோர்ஸ் படிச்சாத்தான் ஒரு பரீட்சைக்குப் பற்றும்போல," என்றான் ஸ்டீபன். போட்டோவை நம்பக் கூடாது என்று அன்றைக்கு நமக்குக் காட்டிக் கொடுத்தவளே நீதான்.

கடைசியில் அவன் சென்னைத் தபால் கோர்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கனமும் இல்லை, போட்டோவும் இல்லை. அவனுக்கு வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க வராது. என் வகுப்பிலேயே கேட்க மாட்டான். வீட்டுக்கு வந்து, நான் மீன் கழுவும்போது பக்கத்தில் நின்று மெல்லக் கேட்பான். நெய்யாற்றின்கரையில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை முடிந்து, பஸ் பிடித்து வந்து, தனியாக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிக்கிறவனுக்கு அது சரியான கோர்ஸ். பாடத்தோடு சில மாதம் கேசட் வரும். அந்தச் சென்னைச் சார் ஒவ்வொரு கணக்குக்கு முன்னாலும் ஒரு தடவை இருமிவிட்டு, "கவனிங்க, இங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க" என்பார். கேசட்டை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்கலாம். கேசட் அவனைப் பார்த்துச் சிரிக்காது, அதட்டாது. அந்தச் சாரை அவன் எப்படிப் பிடித்துக்கொண்டான்! நான் குழம்புக்கு உப்புப் போடப் போனால் பின்னால் ஒரு இருமல் கேட்கும். "கவனிங்க, இங்கதான் எல்லாரும் உப்பக் கூடப் போடுவாங்க." கையில் இருந்த கரண்டியாலேயே அவனை அடிக்கப் போவேன்.

மக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சில நாள் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்கிறேன். எனக்குத் தேய்மானமும் தெரியாது, கூட்டு வாணிகமும் தெரியாது. அந்தச் சாருக்கு நான் யார், எனக்கு அவர் யார்? ஆனால் அவன் இருந்தபோது வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. அவர் இருமுவார். "கவனிங்க" என்பார். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் இருந்து அதே மாதிரி இன்னொரு இருமல் வர வேண்டும். வராது. அவர் பாட்டுக்குக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போவார். நான் உட்கார்ந்து அழுவேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

பார்சலை நிறுத்த வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். நம் தபால்காரர் முன்பெல்லாம் வளைவில் வரும்போதே, "சி.ஏ. சாறே, பொஸ்தகம் வந்நு!" என்று கூவுவார். ஸ்டீபன் பரீட்சை பாஸாவதற்கு முன்பே ஊரில் அவனுக்குப் பட்டம் கொடுத்தவர் அவர். அண்ணன் போன பிறகு அவர் கூவுவதில்லை. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, நடந்து வந்து, பார்சலை என் கையில் தந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார். அப்பா அதை வாங்கிக் கொண்டுபோய் அவன் மேசையில் வைப்பார். ஒன்றையும் பிரித்ததில்லை. பெயர் தெரிகிற பக்கத்தை மேலே வைப்பார், அவ்வளவுதான். ஒரு மாதம் மட்டும் பார்சலோடு தனியாக ஒரு உறை வந்தது. அவன் காய்ச்சலுக்கு முன்னால் எழுதி அனுப்பிய விடைத்தாள், திருத்தி வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அடுத்த தாளை எதிர்பார்க்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அவனை அடக்கம் செய்து அப்போது மாதக்கணக்கு ஆகியிருந்தது.

அந்த உறையைப் பிரித்த அன்றைக்கு எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையானாலும், எழுதின தாள் இத்தனை மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அவன் அதை வைத்து என்ன செய்வான்? அதற்குள் பரீட்சையே முடிந்திருக்கும். அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது, இது உனக்கு ஒத்துவராது என்று. ஏனென்றால் நீ அண்ணன் இல்லை. ஞாயிறு மறைக்கல்வியில் உலகமே வெள்ளத்தில் மூழ்கும்போது நோவா பெட்டகத்துக்குள் மீனை எதற்கு ஏற்ற வேண்டும் என்று கேட்டு, சிஸ்டர் பதில் சொல்லும்வரை யாரையும் வீட்டுக்குப் போக விடாதவள் நீ. உனக்குச் சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே எதிரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்வது பிடிக்கவில்லை என்றால் சண்டை போட வேண்டும். சண்டை முடியும்போது உனக்குப் பாடம் புரிந்திருக்கும். தபாலோடு நீ எப்படிச் சண்டை போடுவாய்?

இன்னொன்று. அண்ணனுடைய மேசையில் இருக்கிற பழைய பாடங்களையே எடுத்துப் படித்துவிடலாம் என்று நினைக்காதே. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வரிச் சட்டம் மாறும், பழைய புத்தகத்தை வைத்து எழுதினால் சரியான விடையே தப்பாகிவிடும் என்று அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். அவனுக்கு வந்தது அவன் எழுத இருந்த பரீட்சைக்கு. நீ எழுதப்போவது வேறு. நான் பற்றாது என்று சொன்னது இதை. அந்தப் பாடம் உனக்குப் பற்றாது. உன் கேள்விகளுக்கு அது பற்றாது.

நீ முன்பு கடிதத்தில் எழுதியிருந்த மற்ற இரண்டு கோர்ஸையும் நான் யோசித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் வருகிறது என்று டெல்லியில் இருந்து புதிதாகச் சொல்கிறார்களே, சந்தா கட்டிவிட்டு இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்தால் பாடம் வந்து விழும் என்று. எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒருவேளை நாளைக்கு எல்லோரும் அப்படித்தான் படிப்பார்களோ என்னவோ. ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். உனக்கு நிஜமாகவே விளங்காத ஒரு கணக்கை எடுத்து, அவர்களுக்கு எழுதிக் கேள். எத்தனை நாளில் பதில் வருகிறது என்று பார். பதிலில் உன் கேள்விக்கு விடை இருக்கிறதா, இல்லை உடனே பணம் கட்டுங்கள் என்று இருக்கிறதா என்று பார். அதே கணக்கை எடுத்துக்கொண்டு, உன் ஹாஸ்டல் பக்கத்தில் நடக்கிறது என்று சொன்னாயே ஒரு மாலை வகுப்பு, அங்கேயும் போ. பின் பெஞ்சில் ஒரு நாள் உட்கார விடுவார்களா என்று கேள். விடாவிட்டால் அந்த இடம் வேண்டாம். விட்டால், முன்னால் படித்தவர்கள் யார் என்று அவர்களிடம் கேட்காதே. இப்போது படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் டீக்கடையில் வைத்துப் பேசு. தப்பாகப் போட்ட கணக்கை அங்கே யார் பார்க்கிறார்கள், எப்போது திருப்பித் தருகிறார்கள் என்று கேள். இந்த வருஷத்துச் சட்டத் திருத்தம் கையில் கிடைத்ததா என்று கேள். என் மனசு அந்த மாலை வகுப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் படிக்கப்போவது நீ, முடிவும் நீதான் எடுக்க வேண்டும். நீ வேலை பார்க்கிற கம்பெனிக்கு வருகிற ஆடிட்டர் உன்னைத் தன்னிடம் பயிற்சிக்கு, ஆர்ட்டிக்கிளாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட நினைத்தேன். எனக்கு அதற்கு வாய் இல்லை.

இவ்வளவும் சரி. ஆனால் நான் பற்றாது என்று சொன்னதில் வேறு ஒன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கார்டில் உன் பெயரை எழுதினால், அடுத்த மாதப் பார்சலில் அவன் பெயர் இருக்காது. தபால்காரர் உன் பெயரை வாசிப்பார். அப்பா எந்தப் பக்கத்தை மேலே வைப்பார்? அதை நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. பற்றாது என்று வாயில் வந்தது. நீ என்ன படித்தாலும், எத்தனை பரீட்சை பாஸானாலும், இந்த வீட்டில் அவன் இல்லாத குறைக்குப் பற்றாது என்றுதான் அப்போது என் மனசு சொன்னது. மக்கா, அது உன்னைப் பற்றிய குறை இல்லை. அவன் இடத்தை நிரப்ப வேண்டிய வேலையை உன் தலையில் யாரும் வைக்கவில்லை. நீயாகத்தான் எடுத்து வைத்துக்கொண்டாய். எங்களுக்காக எடுத்து வைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இறக்கி வைத்துவிடு. உனக்கே இந்தக் கணக்கின்மேல் ஆசை இருந்தால் படி. இல்லையென்றால் விட்டுவிடு. உன் அண்ணன் அதற்காகக் கோபப்படுகிறவன் இல்லை.

அந்தக் கார்டை இன்றைக்கு நானே அனுப்பிவிட்டேன். பெயர் எழுதுகிற இடத்தில், மாணவர் இறந்துவிட்டார், இனி அனுப்ப வேண்டாம் என்று இங்கிலீஷில் எழுதினேன். இத்தனை நாள் யார் சொல்லியும் எழுதாத வரி அது. எழுதி முடித்தபோது என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை. அடியில், அந்தக் கேசட்டுகளில் பேசுகிற சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், என் மகன் அவரை மிகவும் மதித்தான் என்றும் எழுதினேன். உப்பு விஷயத்தை எழுதவில்லை. தபால்காரர் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வாசித்திருப்பார். "டீச்சரே, இனி ஞான் எந்தினா இவிடே இறங்ஙுந்நே?" என்று கேட்டார். இனி நான் எதற்காக இங்கே இறங்க வேண்டும் என்று அந்த மனுஷன் கேட்கிறார். அதனால் நீ கடிதம் எழுது. மலையாளத்திலேயே எழுது, நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பூத்தில் நிற்போம். நீ பேசினாலும் சரி, பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலும் சரி, கூப்பிடு. போனில் பஸ் சத்தத்துக்கு நடுவில் சொல்லி, மறுபடியும் தப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இரண்டே வரி. முதல் வரியை நீ படித்த மலையாளத்தில் கேள். அடுத்ததை என் தமிழில் கேள்.

உனக்குப் பற்றும்.

எங்களுக்கு நீ பற்றும்.

அம்மா